பழக்கம், மூளை, மனசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளை, பழக்கம், உணர்வுன்னு பேச்சு வந்துட்டா எங்க மன்னார்குடி பக்கம் சொந்தக்காரங்க, கூட்டாளிங்க, டீக்கடையில உக்காந்திருக்கிற பெரியவங்கன்னு எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்களைத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதைவிட மொத்தமா எழுதி வச்சிடலாம்னு தோணிச்சு. நான் டாக்டர் இல்ல, விஞ்ஞானியும் இல்ல, ஆனா இந்த விஷயத்து மேல எனக்கு ரொம்ப வருஷத்து ஆசை, கிடைக்கிறதை எல்லாம் படிப்பேன். நடுநடுவுல என் அபிப்பிராயமும் வரும், அது அபிப்பிராயம்னு பாத்தாலே தெரியும்.

அண்ணே, வீட்டை பூட்டிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிடுறேன், அங்க போனதும் பூட்டினோமா இல்லையான்னு சந்தேகம் வந்து திரும்பி ஓடியாறேன். எனக்கு மறதி வியாதியா?

இல்ல தம்பி. மறக்கணும்னா மொதல்ல மனசுல பதிஞ்சிருக்கணும்ல, இது பதியவே இல்ல. ஒரே வேலையை திரும்பத் திரும்ப செஞ்சா அதை நடத்துற பொறுப்பு மூளைக்கு ஆழத்துல இருக்கிற பேசல் கேங்லியாங்கிற பகுதிக்கு மெல்ல மெல்ல போயிடுது. அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்கிற பல்கலைக்கழகத்துல ஆன் கிரேபியல்னு ஒரு அம்மா எலிங்களை வச்சு இதை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு நேர் சந்து, கடைசியில இடது வலதுன்னு ரெண்டா பிரியும், சரியான பக்கம் திரும்பினா தின்ன ஏதாவது கிடைக்கும். எலி புதுசா ஓடும்போது அந்த பகுதியில இருக்கிற நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், வழி முழுக்க துடிச்சிட்டே இருக்கு, நல்லா பழகின அப்புறம் ஓட ஆரம்பிக்கும்போது ஒரு துடிப்பு, முடிக்கும்போது ஒரு துடிப்பு, நடுவுல அடங்கிப்போயிடுது. மொத்த ஓட்டமும் ஒரே கட்டா கட்டி வச்ச மாதிரி ஆயிடுது. நீங்க பூட்டுறதும் அப்படித்தான், செருப்பு மாட்டுறதுல ஆரம்பிச்சு சாவியை பாக்கெட்ல போடுற வரைக்கும் ஒரே கட்டு.

இதுக்கு ஒரு வழி இருக்கு, பூட்டும்போது வாய்விட்டு "பூட்டியாச்சு"ன்னு சொல்லுங்க. ஜப்பான்ல ரயில் ஓட்டுறவங்க சிக்னலை பாத்தா விரலால சுட்டிக்காட்டி என்ன சிக்னல்னு சத்தமா சொல்லுவாங்க, இது அங்க பல வருஷமா நடக்குற வழக்கம், கை பழகின வேலைக்குள்ள கவனத்தை வலுக்கட்டாயமா இழுத்துட்டு வர்றதுக்குத்தான். ஆனா தெரிஞ்ச தெருவுலயே வழி தெரியாம நிக்கிறது, வீட்டு ஆளுங்க பேரே வராம போறதுன்னு இருந்தா அது வேற கதை, டாக்டரை பாத்தே ஆகணும்.

கை ஒரு வேலை பாக்குது, வாய் ஒரு கதை பேசுது, ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல நடக்குது?

இதுக்கு நல்ல உதாரணம் நம்ம வயல்லயே இருக்கு. நடவு நடுறவங்க கையை எப்பவாவது பக்கத்துல உக்காந்து பாத்திருக்கீங்களா? இடது கையில நாத்து முடி, அந்த கை கட்டை விரலே ரெண்டு மூணு நாத்தை பிரிச்சு தள்ளும், வலது கை அதை வாங்கி வேரை விரலோட சேத்து சகதிக்குள்ள அமுக்கிட்டு வெளிய வரும், வெளிய வரும்போது நாத்து சாயாம நிக்கும், அதுக்குள்ள கால் பின்னாடி ஒரு எட்டு வச்சிருக்கும். ஆழமா போனா தூர் கட்டாது, மேலாக்க நட்டா தண்ணி கட்டும்போது மிதந்துடும். இவ்வளவும் கை பாத்துக்குது, வாயில மக கல்யாணத்துக்கு யார் யாரு வரலங்கிற கதை ஓடிட்டிருக்கு, வரிசை கோணாது.

கைக்குன்னு தனி ஞாபகம் இருக்குங்கிறதுக்கு மருத்துவத்துல ஒரு பெரிய சாட்சி உண்டு. 1953ல அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு வலிப்பு நிக்கணும்னு ஆபரேஷன் பண்ணி மூளையில ரெண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை பெருசா எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அவரால புதுசா எதையும் ஞாபகத்துல வச்சுக்க முடியல, இப்ப பேசிட்டு போன ஆள் கொஞ்ச நேரம் கழிச்சு வந்தா யாருன்னு தெரியாது. பிரெண்டா மில்னர்ங்கிற ஆராய்ச்சியாளர் அவருக்கு ஒரு வேலை குடுத்தாங்க, கண்ணாடியில தெரியுற பிம்பத்தை மட்டும் பாத்து நட்சத்திரத்தை சுத்தி கோடு இழுக்கணும், யாருக்கும் மொதல்ல கை கோணிக்கிட்டுத்தான் போகும். நாளுக்கு நாள் அவர் கை திருந்திக்கிட்டே வந்துச்சு, ஆனா ஒவ்வொரு நாளும் அவரை கேட்டா இதை நான் செஞ்சதே இல்லையேன்னுதான் சொல்வாரு. 2008ல அவர் இறக்குற வரைக்கும் எச்.எம்.ங்கிற ரெண்டு எழுத்துலதான் உலகத்துக்கு அவரை தெரியும்.

அதனால நடவு, களை எடுப்பு, அண்டை வெட்டுறது இதையெல்லாம் வெறும் உடம்பு வேலை, அறிவு வேலை இல்லன்னு யாராவது சொன்னா எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கும். வருஷக்கணக்கா சேத்துல நின்னு மூளை கத்துக்கிட்ட அறிவு அது, வாயால சொல்ல வராதுங்கிறதால இல்லாம போயிடாது. இன்னொன்னு, அந்த அக்காவை நிறுத்தி எப்படிக்கா இவ்வளவு ஆழம்னு கணக்கு பண்றீங்கன்னு கேட்டு பாருங்க, அவங்க யோசிச்சு நட ஆரம்பிச்சா வேகம் குறைஞ்சிடும். சியான் பெய்லாக்னு ஒரு ஆராய்ச்சியாளர் கோல்ஃப் ஆடுறவங்களை வச்சு இதையே பாத்திருக்காங்க, கத்துக்குட்டிக்கு கை எப்படி போகுதுன்னு கவனிச்சா ஆட்டம் நல்லா வருது, தேர்ந்தவங்களுக்கு அதே கவனிப்பு ஆட்டத்தை கெடுக்குது.

21 நாள் விடாம செஞ்சா எதுவும் பழக்கமாயிடுமாமே?

அப்படி ஒரு கணக்கு ஆராய்ச்சியில இல்ல. 1960ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு புது முகம் பழகுறதுக்கு குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினாரு, அதுல குறைஞ்சதுங்கிறதை விட்டுட்டு 21ஐ மட்டும் ஊரே புடிச்சுக்கிச்சு. லண்டன்ல ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை வச்சு பாத்தப்போ சராசரியா 66 நாள் வந்துச்சு, ஆளுக்கு ஆள் 18 நாள்லேருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். அதுலயே எனக்கு ரொம்ப பிடிச்சது, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு நாள் வாக்கிங் போகலன்னு மொத்தமா விட்டுடுறவங்களுக்கு இதை கட்டாயம் சொல்லுங்க. புது பழக்கத்தை ஏற்கனவே தினம் நடக்குற ஒண்ணோட கோத்து விடுங்க, காலையில பால் வாங்கிட்டு வந்த உடனே, சாயங்காலம் விளக்கு வச்ச உடனேன்னு, நேரத்தை நம்பாதீங்க.

காபி குடிக்கலன்னா தலை வலிக்குது, இது பழக்கமா அடிமைத்தனமா?

ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம். முழிச்சிருக்கிற நேரம் பூரா மூளையில அடினோசின்னு ஒண்ணு சேந்துக்கிட்டே வரும், அது ஏற ஏற தூக்கம் வரும். காஃபீன் போயி அது உக்கார வேண்டிய இடத்துல உக்காந்துக்குது. திடீர்னு விட்டா ஒரு நாளைக்குள்ள தலைவலி ஆரம்பிச்சு சில நாள்ல தானா அடங்கிடும். உள்ள போன காஃபீன்ல பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால ராத்திரி தூக்கம் வரலன்னு சொல்றவங்க மொதல்ல சாயங்காலம் 6 மணி டம்ளரை நிறுத்தி பாருங்க. காலையில குடிக்கிற கும்பகோணம் டிகிரி காபியை யாரும் விட வேண்டாம்.

வயக்காட்டுல போர் மோட்டார் ஓடுற சத்தம் காதுலயே விழல, ஆனா கரண்ட் போயி நின்ன உடனே திடுக்குன்னு தெரியுது. கேக்காத சத்தம் நின்னது எப்படி தெரியும்?

எல்லா கேள்வியிலயும் எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். மாறாம வந்துக்கிட்டே இருக்கிற எதையும் மூளை ஒதுக்கி வச்சிடும். எரிக் கேண்டல், 2000ல நோபல் வாங்கினவரு, ஒரு கடல் நத்தையை வச்சு இதை பாத்தாரு. அதை தொட்டா செவுளை உள்ள இழுத்துக்கும், திரும்பத் திரும்ப மெதுவா தொட்டுக்கிட்டே இருந்தா இழுக்குறது குறைஞ்சு போயிடும். ஒரு நரம்பு செல் அடுத்ததுக்கு அனுப்புற ரசாயனத்தோட அளவே குறைஞ்சு போறதை அவர் காமிச்சாரு.

ஆனா நத்தை கதை பாதிக்குத்தான் பதில் சொல்லுது, சத்தம் நின்னது ஏன் தெரியுதுங்கிறதுக்கு ரஷ்யாவுல எவ்ஜெனி சொக்கலோவ்னு ஒருத்தர் ஒரு யோசனை சொன்னாரு. மூளை சத்தத்தை ஒதுக்குறதுன்னா காதை மூடிக்கிறது இல்ல, அடுத்த நிமிஷமும் இதே சத்தம்தான் வரும்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு போட்டு வச்சுக்குது, வர்றது கணக்கோட ஒத்துப்போற வரைக்கும் நம்மகிட்ட சொல்றதில்ல, ஒத்துப்போகலன்னா உடனே எழுப்பி விடுது. மோட்டார் நின்னதும் கணக்கு தப்பிடுச்சுல்ல, அதான் திடுக். அப்படின்னா அவ்வளவு நேரமும் உள்ள யாரோ கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க, நமக்குத்தான் தெரியல. மாசிமகத்துக்கு கும்பகோணம் வந்துட்டு கூட்டத்துல ராத்திரி மண்டபத்துல படுத்து அசந்து தூங்குறவங்க, அத்தனை இரைச்சலுக்கும் எழுந்திரிக்காம தன் குழந்தை லேசா சிணுங்கினா மட்டும் எழுந்துக்கிறதும் இதே மாதிரிதான்.

ஆத்துல தண்ணி வந்து காய்ஞ்ச வாய்க்கால்ல முதல்ல பாயும்போது ஒரு வாசனை வருமே, அதை மோந்தா எனக்கு எங்க அப்பாயி ஞாபகம் வந்துடுது, ஏன்?

அந்த வாசனைக்கு பெரிய காரணம் ஜியோஸ்மின்ங்கிற ஒரு பொருள். மண்ணுல இருக்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ்ங்கிற நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குது. மனுஷ மூக்கு இதுல ரொம்ப கூர்மை, ஒரு லட்சம் கோடி பங்குல சில பங்கு இருந்தாலே கண்டுபுடிச்சிடும். பாக்குறது கேக்குறது எல்லாம் மூளை நடுவுல இருக்கிற தலாமஸ்ங்கிற இடத்துக்கு போயிட்டுத்தான் மேல போகணும், வாசனை அங்க நிக்காம நேரா உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் பொறுப்பான அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கத்துல போயி இறங்குது. அதான் பேரு ஊரு வர்றதுக்கு முன்னாடியே தொண்டை அடைக்குது.

நாம முடிவு எடுக்குறதுக்கு முன்னாடியே மூளை எடுத்துடுதாமே, அப்ப நம்ம கையில ஒண்ணுமே இல்லையா?

இது பெஞ்சமின் லிபெட் 1983ல வெளியிட்ட சோதனையிலேருந்து வந்த பேச்சு. தலையில கம்பி மாட்டி உக்கார வச்சு, எப்ப தோணுதோ அப்ப கையை அசைங்க, அசைக்கணும்னு தோணின நேரத்தை இந்த கடிகாரத்துல பாத்து சொல்லுங்கன்னாரு. தோணினது அசைவுக்கு ஒரு 200 மில்லி செகண்டுக்கு முன்னாடி, ஆனா மூளையில மின்சார ஏற்றம் அரை செகண்டுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சிடுது. இதை வச்சு சுதந்திரமே கிடையாதுன்னு நிறைய பேர் சொல்லிட்டாங்க.

2012ல ஆரோன் ஷர்கரும் கூட இருந்தவங்களும் வேற மாதிரி விளக்கினாங்க. மூளையில எப்பவும் ஏத்த இறக்கமா ஒரு சலசலப்பு ஓடிக்கிட்டே இருக்கு, காரணம் எதுவும் இல்லாம கையை அசைக்க சொன்னா அந்த சலசலப்பு தற்செயலா ஒரு அளவை தாண்டும்போது அசைவு வருது, பின்னாடி திரும்பி சராசரி எடுத்து பாத்தா முன்கூட்டியே முடிவு எடுத்த மாதிரி தெரியும். எனக்கு இது ரொம்ப நியாயமா படுது. அதைவிட முக்கியம், காரணமே இல்லாம விரலை ஆட்டுறது ஒரு முடிவே இல்ல. மேட்டூர்ல எவ்வளவு தண்ணி நிக்குது, ஜூன் 12 அணை திறப்பாங்களா, குறுவை போடலாமா, இல்ல வயலை சும்மா விட்டுட்டு நேரா சம்பாவுக்கு போயிடலாமா, விதை நெல்லுக்கு காசு எங்க, இதை ஒரு குடும்பம் நாள்கணக்கா பேசி சண்டை போட்டு முடிவு பண்ணுதே அதுதான் முடிவு, அதை எந்த அரை செகண்டுலயும் அளக்க முடியாது.

வயல் நண்டை உயிரோட கொதிக்கிற தண்ணில போடுறாங்க, அதுக்கு வலிக்குமா மாமா?

என் அக்கா மக கேட்டது. வலிக்குதுன்னு நம்புறதுக்கு வலுவான காரணம் இருக்கும்மா. தொல்காப்பியம் மரபியல்ல "நண்டும் தும்பியும் நான்கறிவினவே"ன்னு நண்டுக்கு நாலு அறிவு குடுத்து வச்சிருக்காங்க, புல்லும் மரமும் ஓரறிவு, மனசோட சேத்து மனுஷனுக்கு ஆறு. அறிவுங்கிறது இருக்கு இல்லன்னு ரெண்டே பெட்டி இல்லாம படிப்படியா போகுதுன்னு அன்னிக்கே யோசிச்சிருக்காங்க. இந்த காலத்துல வட அயர்லாந்து பெல்ஃபாஸ்ட்ல ராபர்ட் எல்வுட் நண்டுகளை வச்சு சோதனை பண்ணாரு. வெளிச்சத்துல விட்டா நண்டு இருட்டு பொந்தைத்தான் தேடும், ரெண்டு பொந்து வச்சு ஒண்ணுல போனா மட்டும் லேசா ஷாக் அடிச்சா, சில தடவைக்குள்ளயே அதை விட்டுட்டு அடுத்த பொந்துக்கு போக ஆரம்பிச்சிடுச்சு. வெறும் துள்ளலா இருந்தா கத்துக்கிட்டு இடம் மாத்தாது. இந்த மாதிரி ஆதாரத்தை எல்லாம் திரட்டி பாத்துட்டுத்தான் பிரிட்டன் 2022ல கொண்டுவந்த சட்டத்துல நண்டு, இறால், கணவாய் எல்லாத்தையும் உணர்வுள்ள பிராணிகள்னு சேத்துக்கிச்சு.

நண்டு குழம்பு வேண்டாம்னு நான் சொல்லல, எங்க வீட்லயும் சளி புடிச்சா நண்டு ரசம்தான். ஐஸ்ல நல்லா புதைச்சு வச்சு அசைவு முழுசா அடங்கின அப்புறம் கத்தியால சட்டுன்னு ரெண்டா வெட்டிட்டு அப்புறம் அடுப்புல ஏத்துங்க, உயிரோட கொதிக்கிற தண்ணில போடாதீங்க, உயிரோட காலை பிய்க்காதீங்க.

உணர்வுன்னா என்னன்னு சயின்ஸ் கண்டுபுடிச்சிடுச்சா?

இங்க உணர்வுன்னு சொல்றது கோபம், சோகத்தை இல்ல, முழிச்சிருக்கும்போது உள்ளுக்குள்ள எல்லாம் தெரியுதே, அந்த தெரிதலை. அதை இன்னும் கண்டுபுடிக்கலங்கிறதுக்கு ஒரு பந்தயமே சாட்சி. 1998ல கிறிஸ்டாஃப் கோக்ங்கிற மூளை விஞ்ஞானி, இன்னும் 25 வருஷத்துல உணர்வு மூளையில எதனால வருதுன்னு தெளிவா தெரிஞ்சிடும்னு டேவிட் சால்மர்ஸ்ங்கிற தத்துவப் பேராசிரியர்கிட்ட வைன் பந்தயம் கட்டினாரு. 2023ல நியூயார்க்ல மேடையிலயே தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு வைன் குடுத்துட்டாரு. சிவப்பு நிறத்தோட அலைநீளம், கண்ணு நரம்பு, மூளை பகுதி எல்லாம் சொல்லலாம், ஆனா செம்பருத்தியை பாக்கும்போது உள்ள ஒரு சிவப்பு தெரியுதே அது ஏன் தெரியணும்ங்கிறதுதான் சால்மர்ஸ் கேக்குற கேள்வி.

ஒண்ணுமே தெரியாதுன்னும் சொல்ல முடியாது. மூளையில சுமார் 8,600 கோடி நியூரான் இருக்கு, அதுல கிட்டத்தட்ட 6,900 கோடி பின்னாடி இருக்கிற சிறுமூளையிலதான். ஆனா சிறுமூளையே இல்லாம பிறந்து வளந்த ஒரு பொண்ணை பத்தி 2014ல சீனாவுலேருந்து டாக்டருங்க எழுதினாங்க, நடை தள்ளாட்டம், பேச்சு குழறல், ஆனா உணர்வுல ஒரு குறையும் இல்ல. அப்போ எண்ணிக்கை விஷயம் இல்ல, எப்படி பின்னியிருக்குங்கிறதுதான் விஷயம்னு தெரியுது. 1846ல பாஸ்டன்ல ஈத்தர் குடுத்து எல்லாரும் பாக்க ஆபரேஷன் பண்ணி காமிச்சாங்க, அதிலேருந்து தினம் லட்சக்கணக்கான பேருக்கு மயக்க மருந்து குடுத்து உணர்வை அணைச்சு திரும்ப ஏத்துறோம், ஏன் அணையுதுங்கிறது இன்னும் முழுசா புரியல. இந்த காலத்துல பிறந்திருக்கோமேன்னு எனக்கு சந்தோஷமா இருக்கும்.

மனசு ஒரு இடத்துல நிக்காம அலையுது, இது கெட்டதா?

2010ல கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட்னு ரெண்டு பேரு 2,250 பேர்கிட்ட போன் வழியா அப்பப்ப கேட்டாங்க, இப்ப என்ன பண்றீங்க, மனசு எங்க இருக்கு, சந்தோஷமா இருக்கீங்களான்னு. கிட்டத்தட்ட பாதி நேரம், 46.9 சதவீதம், மனசு வேற எங்கியோ இருந்திருக்கு, அப்படி இருக்கும்போது சந்தோஷம் குறைவு. இதை எடுத்துக்கிட்டு அலையுற மனசே வியாதின்னு பேசுறாங்க, அது சரியில்ல. அதே ஆராய்ச்சியில நல்ல விஷயத்தை நெனச்சு அலைஞ்சவங்களுக்கு சந்தோஷம் குறையல.

மூளை உடம்பு எடையில 2 சதவீதம்தான், ஆனா உடம்பு செலவு பண்ற சக்தியில 20 சதவீதம் அதுக்கே போகுது. மார்கஸ் ரெய்கல் 2001ல கவனிச்சு சொன்னாரு, நாம சும்மா இருக்கும்போது அடங்காம இன்னும் சுறுசுறுப்பாகுற பகுதிங்க மூளையில இருக்கு, பழசை நினைக்கிறது, நாளைக்கு என்னன்னு கற்பனை பண்றது, அடுத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு யோசிக்கிறது எல்லாம் அங்க நடக்குது.

நான் இந்த மொத்த பக்கத்துலயும் சொல்ல நினைக்கிறது இதுதான்: பழக்கம் கையை பாத்துக்குது, அதனால மனசுக்கு நேரம் கிடைக்குது. மாடு மேய்ச்சுக்கிட்டு, பாத்திரம் தேச்சுக்கிட்டு, பஸ் ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு எத்தனையோ கணக்கு, எத்தனையோ பாட்டு, எத்தனையோ சமாதானம் நம்ம ஜனங்க மனசுல பொறந்திருக்கு. இப்ப அந்த நேரம் பூரா போன்ல போகுது, திருவாரூர் பஸ்ல ஏறின உடனே எல்லா தலையும் குனிஞ்சிடுது. போன் கெட்டதுன்னு சொல்ல வரல, ஆனா தினமும் ஒரு வேலையாவது, குளிக்கிறதோ துணி மடிக்கிறதோ, காதுல எதையும் மாட்டாம செய்யுங்கன்னு உரிமையோட கேட்டுக்கிறேன்.

தூங்க ஆரம்பிக்கும்போது கால் தவறி விழுற மாதிரி உடம்பு தூக்கிப்போடுதே, பயப்படணுமா?

வேண்டாம், பெரும்பாலானவங்களுக்கு அப்பப்ப வர்றதுதான். அலுப்பு, கவலை, காபி ஜாஸ்தியானா கூட வரும்.

இதுல எதையாவது வீட்லயே பசங்களுக்கு செஞ்சு காட்ட முடியுமா?

ஒரு வெள்ளை பேப்பர்ல கோலப்புள்ளி மாதிரி ரெண்டு கறுப்பு புள்ளி வைங்க, பக்கவாட்டுல 8 சென்டிமீட்டர் தள்ளி, வலது புள்ளி மட்டும் கொஞ்சம் பெருசா. இடது கண்ணை மூடிக்கிட்டு வலது கண்ணால இடது புள்ளியையே பாருங்க, பேப்பரை முகத்துலேருந்து மெதுவா முன்ன பின்ன நகத்துங்க. ஒரு 30 சென்டிமீட்டர் தூரத்துல வலது புள்ளி காணாம போயிடும். கண்ணுலேருந்து நரம்பு வெளிய போற இடத்துல பாக்குற செல்லே கிடையாது, பிரான்ஸ்ல மாரியோத்ங்கிறவர் 1660களிலேயே இதை கண்டுபுடிச்சிட்டாரு.

அடுத்தது அந்த வலது புள்ளி வழியா மேலேருந்து கீழ ஒரு நேர் கோடு போட்டுட்டு திரும்ப பாருங்க. புள்ளி மறையும், கோடு அறுந்து தெரியாது, ஒரே நீட்டா போகும், அங்க பாக்காத துண்டை மூளையே போட்டு நிரப்பிக்குது. சின்ன பசங்க பாதி பேர் ஒரு கண்ணை மூட சொன்னா ரெண்டையும் மூடிடுவாங்க, இல்லன்னா பார்வையை வலது புள்ளிக்கு ஓட விட்டுடுவாங்க, அதனால இடது கண்ணை நீங்களே உள்ளங்கையால பொத்தி விட்டு இடது புள்ளிக்கு மேல உங்க விரலை வச்சு காமிங்க.